பொட்டு வைத்த கதவு

நாற்றுக்கு வயது முப்பது ஆகிவிட்டது. மனுஷருக்கு முப்பது என்றால் கல்யாணத்துக்கு இன்னும் காலமிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சம்பா நாற்றுக்கு முப்பது நாள் என்றால் மிச்சமிருப்பது நாலைந்து நாள்தான். அதற்குள் பறித்து நடாவிட்டால் நாற்றங்காலிலேயே முற்றிப் போகும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது, வைக்கோல்தான் மிஞ்சும்.

காளியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்று இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, உழுது சேறு பண்ணிய வயல் இருக்கிறது. நடுவதற்கு ஆள்தான் வரமாட்டேன் என்கிறது.

கீழ்வேளூரிலிருந்து தெற்கே போகிற சாலையோரத்தில் அவளுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். பண்ணையாளாக இருந்த அப்பா, கூலி நெல்லுக்குக் கொடி பிடித்து இரண்டு மாதம் சிறையில் இருந்தவர், வைத்துவிட்டுப் போன சொத்து அது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, அந்த ஒரு ஏக்கர் பட்டாவாக அவர் கைக்கு வந்துசேர ஒன்பது வருஷம் பிடித்தது. “சட்டம் மெட்ராஸ்லேருந்து கிளம்பிடும். கீழ்வேளூருக்குத்தான் பஸ் கிடைக்காது” என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

அப்படி வந்த நிலத்துக்கு எதிரே, ஆறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்க மதுக்கடை வந்தது. அது மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வந்துவிட்டது. கடையில் வாங்குகிறவர்கள் வயலோர வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து குடித்தார்கள். குடித்து முடித்த பாட்டிலைக் கையை வீசித் தூக்கிப்போட்டால் அது காளியம்மாள் வயலில் விழும். சில பாட்டில் முழுசாக விழும். சில பாட்டில் ஏற்கெனவே கிடக்கிற பாட்டில் மேல் விழுந்து உடையும்.

போன வருஷம் நடவின்போது காத்தாயியின் இடது காலைக் கண்ணாடி கிழித்துவிட்டது. ஐந்து தையல். ஒரு மாதம் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடவாளுக்கு நடவு மாதத்தில் ஒரு மாதம் போனால் வருஷமே போன மாதிரி. அந்தக் காத்தாயிதான் அந்த வட்டாரத்தில் பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போகிறவள். அவள் வராவிட்டால் அந்தப் பதினோரு பேரும் வரமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை காளியம்மாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“உக்காருக்கா. டீ குடி. ஆனா நடவுன்னு மட்டும் பேசாத” என்றாள் காத்தாயி.

“நாத்து முத்துது காத்தாயி.”

“என் காலும் முத்திப் போச்சு. பாரு.” பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். தையல் போட்ட இடம் பூரான் மாதிரி மேடு கட்டியிருந்தது. “வயல்ல கண்ணாடி இல்லைன்னா நாளைக்கே வர்றேன். இருக்குன்னா நீ தங்கத்துல கூலி குடுத்தாலும் வேணாம். சனிக்கிழமை கூத்தாநல்லூர்லேருந்து வண்டி வருது. ஏறிட்டோம்னா பத்து நாளைக்கு நாங்க அந்தப் பக்கம்.”

“கண்ணாடியைப் பொறுக்கிட்டா?”

“பொறுக்கு. யாரு வேணாங்கறா?”

“நான் ஒருத்தி பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள பொங்கல் வந்துடும். நீங்க பன்னண்டு பேரும் ரெண்டு நாள் இறங்குனா முடியும்.”

“ரெண்டு நாள் கூலி?”

காளியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “எங்கிட்ட இல்ல. ஆனா வயல்லயே கிடக்கு.”

இரண்டு மாதமாகக் கடைச் சுவரில் ஒரு போர்டு தொங்குவதைச் சாலையிலிருந்தே அவள் பார்த்திருக்கிறாள். கடைக்கு அருகில் போய் நிற்க அவளுக்குக் கூச்சம். ஆனாலும் பெரிய எழுத்து எட்ட இருந்தே தெரிந்தது. ‘காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்துப் பத்து ரூபாய் பெற்றுக்கொள்ளவும்.’ கோர்ட்டு சொல்லி வந்த சட்டமாம். வாங்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடப் பிடித்துக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் தந்துவிடுவார்கள். ஆனால் போதை ஏறியவனுக்குப் பத்து ரூபாய் ஒரு பொருட்டா? பழைய பழக்கத்தில் கை வீசிக்கொண்டுதான் இருந்தது.

“பாட்டில் காசு முழுக்க உங்களுக்கு. எனக்கு ஒரு ரூபா வேணாம். வயல் சுத்தமானா போதும்” என்றாள் காளியம்மாள்.

காத்தாயி டீயை ஒரு வாய் குடித்தாள். மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

“காசு வாங்கிக் குடுக்கிறது உன் பொறுப்பு.”

“என் பொறுப்பு.”

“வாங்கிக் குடுத்தா வெள்ளிக்கிழமை உனக்கு நடுறோம். இல்லைன்னா நான் ஒரு போன் போட்டேன்னு வையி, கூத்தாநல்லூர் வண்டி வெள்ளிக்கிழமையே வந்து நிக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“இன்னொண்ணு. ஆம்பளைங்க காதுல விழக் கூடாது. விழுந்துச்சு, விடியறதுக்குள்ள மூட்டையோட போயிடும்.”

இந்த யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அதில்தான் வினை இருந்தது. பாட்டில் சட்டம் முழுசாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் ஆம்பளைகள்தான். அவர்களிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேலை நடந்தது. தண்ணீரை வடித்தார்கள். பஞ்சாயத்துத் தூய்மைப் பணியாளர்களிடம் கெஞ்சி முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கையுறையும் இரவல் வாங்கினார்கள். வீசிய பாட்டில் எவ்வளவு தூரம் போய்விடும்? சாலையோரத்து முப்பதடிக்குள்தான் எல்லாம் கிடந்தது. வரிசையாகக் குனிந்து, களை பறிக்கிற மாதிரியே சேற்றைத் துழாவினார்கள். உடைந்த கண்ணாடி மட்டும் நாலு கூடை. அதற்கு எந்தச் சட்டத்திலும் காசு கிடையாது. பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். முழுப் பாட்டில்கள் எட்டு யூரியா சாக்கு நிறைந்தன.

புதன்கிழமை சாயங்காலம் காளியம்மாள் வரப்புச் சரிசெய்ய மண்வெட்டியோடு மேற்குக் கோடிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில்தான் காத்தாயியின் ஆட்கள் பாட்டிலையெல்லாம் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் போட்டுக் கழுவினார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தள்ளுவண்டியில் எட்டுச் சாக்கோடு பெண்கள் கடையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கடை திறக்கப் பன்னிரண்டு மணி ஆகும். சூப்பர்வைசர் இராஜாங்கம் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

காளியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் போனாள். “சார், காலி பாட்டில் கொண்டாந்திருக்கோம்.”

இராஜாங்கம் ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அது மின்னியது.

“என்னம்மா இது, கண்ணாடி மாதிரி இருக்கு?”

“கண்ணாடிதானுங்களே” என்றாள் பின்னால் நின்ற ரெங்கம்மாள். கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான்.

“இவ்வளவு சுத்தமா எதுக்குக் கழுவுனீங்க?”

“புளி போட்டுத் தேய்ச்சோம். அடுத்தவங்க வீட்டுச் சாமானை அழுக்கோட திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?”

இராஜாங்கம் பெருமூச்சு விட்டார். இன்னொரு பாட்டிலை எடுத்துத் திருப்பினார். இன்னொரு சாக்கை அவிழ்த்தார்.

“ஸ்டிக்கர் எங்கம்மா?”

“அதை எடுத்துட்டுதானுங்களே கழுவுனோம்” என்றாள் ரெங்கம்மாள். “பொட்டைக் கழட்டாம எவளாவது மூஞ்சி கழுவுவாளா?”

“ஸ்டிக்கர் இல்லாம காசு இல்லம்மா. அதுல இருக்கிற கியூஆர் கோடைத்தான் போன்ல ஸ்கேன் பண்ணணும். அப்பத்தான் அந்தப் பத்து ரூபாய் கணக்குல வரும். வெறும் பாட்டிலுக்குக் குடுத்தேன்னா என் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க.” அவர் கோபமாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனாலேயே சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

காளியம்மாள் திரும்பிப் பார்த்தாள். காத்தாயி ஏற்கெனவே இடுப்பிலிருந்து போனை எடுத்துவிட்டாள்.

“காத்தாயி, பொறு.”

“எதுக்குப் பொறுக்கணும்? ரெண்டு நாள், பன்னண்டு ஆளு. இவளுங்க வீட்டுல அடுப்பெரியணும்க்கா. உன்மேல கோவமில்ல. ஆனா சொன்னது சொன்னதுதான்.”

“பண்ணு. ஆனா ஒரு நிமிஷம் கழிச்சுப் பண்ணு.” காளியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரெங்கம்மாளைப் பார்த்தாள். “ஏண்டி, எடுத்த ஸ்டிக்கரையெல்லாம் என்ன பண்ணுனீங்க? வாய்க்கால்ல விட்டுட்டீங்களா?”

“பொட்டை எவ வாய்க்கால்ல விடுவா?” என்றாள் ரெங்கம்மாள். “கதவுல ஒட்டி வச்சோம்.”

“எந்தக் கதவுல?”

“உன் மோட்டார் கொட்டாய்க் கதவுலதான்.”

குளிக்கப் போகிற எந்தப் பெண்ணும் நெற்றிப் பொட்டை எடுத்துக் கீழே போடுவதில்லை. கண்ணாடியிலோ குளியலறைச் சுவரிலோ ஒட்டிவிட்டுத்தான் முகத்தில் தண்ணீர் விடுவாள். பன்னிரண்டு பெண்களின் கையும் யாரும் சொல்லாமலே அந்த வேலையைச் செய்திருந்தது.

எல்லோரும் வயலுக்கு ஓடினார்கள். மோட்டார் கொட்டகையின் பச்சைத் தகரக் கதவு, மேலிருந்து கீழ்வரை பொட்டுப் பொட்டாக ஸ்டிக்கரைச் சுமந்துகொண்டு நின்றது. குட்டையானவள் ஒட்டியது கீழே, நெட்டையானவள் ஒட்டியது மேலே. யாரோ ஒருத்தி பொழுதுபோகாமல் தாமரைப் பூ வடிவத்தில் வேறு ஒட்டியிருந்தாள்.

காளியம்மாள் ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். ராத்திரி முழுக்கக் காய்ந்து தகரத்தோடு ஒட்டிப் போயிருந்தது. பாதி கையோடு வந்தது, பாதி கதவோடு நின்றது.

“பத்து ரூபா போச்சு” என்றாள் காத்தாயி.

காளியம்மாள் கதவின் கீலைப் பார்த்தாள். அது கீல்கூட இல்லை, முறுக்குக் கம்பிதான்.

“கழட்டுங்கடி” என்றாள்.

“எதை?”

“கதவை.”

நாலு பேர் தலையில் சும்மாடு வைத்துக் கதவைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். மற்றவர்கள் முன்னும் பின்னும் நடந்தார்கள். சாலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒருவர் கேட்டார். “என்னக்கா, கதவை அடகு வைக்கவா?”

“சாமி புறப்பாடு. ஒதுங்கி நில்லுங்க” என்றாள் ரெங்கம்மாள்.

அவர்கள் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. கடை வாசலில் ஆண்கள் வரிசை நின்றிருந்தது. முதலாவதாக நின்றவன் வைரக்கண்ணு. காளியம்மாள் தெருக்காரன், அந்த வரிசையில் என்றைக்கும் முதல் ஆள். கதவைப் பார்த்ததும் வரிசை தானாக விலகியது.

கம்பிக் கவுண்ட்டருக்கு நேர் எதிரே கதவை நிமிர்த்தி வைத்தார்கள்.

“ஸ்டிக்கர் கேட்டீங்களே சார். இந்தாங்க” என்றாள் காளியம்மாள்.

இராஜாங்கத்துக்குப் பெருமூச்சுகூட வரவில்லை. “ஸ்டிக்கர் பாட்டில்ல இருக்கணும்மா. கதவுல இருந்தா எப்படி?”

“அப்படி எங்க எழுதியிருக்கு?”

“போர்டுல போட்டிருக்கே.”

காளியம்மாள் போர்டுக்குக் கீழே போய் நின்றாள். ஆறு வருஷத்தில் அந்தச் சுவர்வரை அவள் போனது அன்றுதான். பெரிய எழுத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாள். அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட எழுத்து, கொஞ்சம் நின்று நின்றுதான் வரும். “காலி பாட்டிலும்… அதற்குரிய ஸ்டிக்கரும்… கிழியாமல், சேதமடையாமல்… ஒப்படைக்கப்பட வேண்டும்.”

படித்துவிட்டுத் திரும்பினாள். “பாட்டில் அந்தச் சாக்குல இருக்கு. ஸ்டிக்கர் இந்தக் கதவுல இருக்கு. கிழியல, சேதமில்ல. ரெண்டையும் ஒப்படைக்கிறோம். ஒட்டியே இருக்கணும்னு இதுல இல்லீங்களே சார்.”

இராஜாங்கம் கடையை விட்டு வெளியே வந்தார். தானும் ஒருமுறை படித்தார். அப்புறம் இன்னொரு முறை படித்தார்.

“சொல்றது சரியாத்தான் இருக்கு சார்” என்றான் வைரக்கண்ணு, கடை சீக்கிரம் திறந்தால் போதும் என்ற அவசரத்தில்.

“எனக்கு மேல இருக்கிறவங்க கேப்பாங்கம்மா. இவ்வளவு நாள் வராத பாட்டில் ஒரே நாள்ல எங்கேருந்து வந்துச்சும்பாங்க. ஏற்கெனவே வித்த பாட்டில்ல பாதி திரும்பி வரலன்னு விளக்கம் கேட்டு ஒரு ஓலை வந்து கிடக்கு.”

“திரும்பி வராத பாட்டில் எல்லாம் என் வயல்லதான் சார் கிடந்துச்சு” என்றாள் காளியம்மாள். “அதை நாங்க பொறுக்கிக் கொண்டாந்திருக்கோம். உங்க ஓலைக்குப் பதில் இந்த எட்டுச் சாக்கு.”

இராஜாங்கம் அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். அவர் பேசியது பாதிதான் கேட்டது. “ஆமா சார், கதவுதான்… தகரக் கதவு சார்… இல்ல சார், நான் சாப்பிடல சார்…” வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. காத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. கூத்தாநல்லூர்க்காரர் நம்பர் அவள் போன் திரையில் அழுத்துவதற்குத் தயாராக இருந்தது.

இராஜாங்கம் திரும்பி வந்தார்.

“ஸ்கேன் ஆகுதான்னு பாருய்யாங்கறார். ஆச்சுன்னா சரி, ஆகலன்னா இல்ல.”

போனைத் தாமரைப் பூவின் நடு ஸ்டிக்கருக்கு நேரே பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அப்போதும் ஆகவில்லை. காளியம்மாள் கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தகரத்தின் கூர் உள்ளங்கையில் பதிந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

ரெங்கம்மாள் முந்தானை நுனியில் எச்சில் தொட்டு ஸ்டிக்கரைத் துடைத்தாள். “இப்ப பாருங்க.”

டிக் என்று போன் சத்தம் போட்டது.

காத்தாயி போனை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அந்தக் கடை வாசலில் டிக், டிக் என்ற சத்தம்தான். இராஜாங்கம் ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணிக் கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டார். மேலே எட்டாத இடத்துக்குப் பாட்டில் பெட்டியைப் போட்டு ஏறினார். வரிசை முணுமுணுத்தது.

“இதுல பாதி நான் குடிச்சதா இருக்கும்” என்றான் வைரக்கண்ணு, தன் சொத்து கைமாறுவதைப் பார்க்கிற மாதிரி.

“பாதி என்ன, என் காலைக் கிழிச்சது முழுக்க உன்னோடதுதான்” என்றாள் காத்தாயி. “அஞ்சு தையல். வேணுமா, காட்டவா?”

வைரக்கண்ணு வரிசையில் ஓரடி பின்னுக்குப் போனான்.

கதவில் இருநூற்று எண்பத்தாறு ஸ்டிக்கர். சாக்கில் அதைவிட அதிகமாகவே பாட்டில் இருந்தது. சட்டம் வருவதற்கு முந்தைய பாட்டிலுக்குக் காசு கிடையாது, அதையும் இராஜாங்கமே எடுத்துக்கொண்டார். இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய் காத்தாயி கைக்கு வந்தது. கூலிக் கணக்குக்கு அது கம்மிதான். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“கதவைத் தூக்குங்கடி, போவோம்” என்றாள் காளியம்மாள்.

“கதவு இங்கதாம்மா இருக்கணும்” என்றார் இராஜாங்கம். “ஸ்டிக்கர்தான் எனக்கு வவுச்சர். ஆடிட்டுக்குக் காட்டணும்.”

“அப்ப என் மோட்டார் கொட்டாய்?”

அவர் ஒரு துண்டுத்தாளில் ‘பச்சை நிறத் தகரக் கதவு ஒன்று, பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார். காளியம்மாள் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடை வாசலில் நின்று சிரித்தாள். மோட்டாருக்கு ஒரு சாக்குப் படுதா கட்டினால் போயிற்று.

கடை திறந்தது. பெண்கள் வேப்பமரத்தடியில் காசைப் பங்கு பிரித்துக்கொண்டு மதகைத் தாண்டும்போது காளியம்மாள் திரும்பிப் பார்த்தாள். மதகுக் கட்டையில் குடித்து முடித்திருந்த வைரக்கண்ணு, பாட்டிலைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தான். அப்புறம் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலி பாட்டிலோடு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் நின்றான். அவன் கையிலும் பாட்டில் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வயலெங்கும் இறைந்து கிடந்தன. பன்னிரண்டு பெண்களும் வரப்பில் வரிசை கட்டி நின்றார்கள். சாலையோரத்துப் பக்கத்தில்தான் நடவு தொடங்க வேண்டும். பூட்ஸையெல்லாம் முந்தின நாளே திருப்பிக் கொடுத்தாயிற்று. பூட்ஸ் போட்டுக்கொண்டு நட முடியாது.

காத்தாயி சேலையைத் தூக்கிச் சொருகினாள். தையல் போட்ட இடது காலைத்தான் முதலில் வைத்தாள். சேறு கணுக்கால்வரை ஏறியது. காத்தாயி இரண்டாவது அடி வைத்தாள். மூன்றாவது அடி வைத்தாள். குனிந்து ஒரு முடியைப் பிரித்தாள். மற்றவர்களும் இறங்கினார்கள்.

பத்து வரிசை போயிருக்கும். “ஸ்ஸ்” என்று காத்தாயி காலை உதறி மேலே தூக்கினாள்.

மற்றவர்கள் கையும் அப்படியே நின்றது. காளியம்மாள் வரப்பிலிருந்து சேற்றுக்குள் குதித்தாள். “என்னடி, என்ன?” என்று கேட்டுக்கொண்டே போய் அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். சேற்றை வழித்தாள். ரத்தம் இல்லை. கட்டைவிரலைக் கொடுக்கால் கவ்விக்கொண்டு ஒரு வயல் நண்டு தொங்கியது.

“நண்டு” என்றாள் காளியம்மாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நண்டுடி.”

“நண்டுதான். அதுக்கு ஏன்க்கா அழுவுற?” என்று காத்தாயி ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டே கேட்டாள். “விடு காலை. பிடிச்சு மடியில போட்டுக்க, சாயங்காலம் ரசம் வைக்கலாம்.”

வயல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. காளியம்மாள் நண்டைப் பிடித்துக்கொண்டு வரப்பேறினாள். பின்னால் நடவு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது, வெறுங்காலோடு.